அலையைக் குவித்த அறிஞர் ஜகதீச சந்திர வசு

வங்க நாடு பாரதத்திற்கு அளித்த பெருமக்களுள் வசு என்னும் குடிப்பெயர் தாங்கியோர் பலர். ஆங்கிலத்தின் வழியே அப்பெயர் போஸ் என்று நம் செவிகளுக்குப் பழகிவிட்டது. போஸ் என்றவுடன் நேதாஜியே நம் நெஞ்சில் தோன்றுவார். கல்லூரியில் பௌதிகம் பயின்றோர் சத்தியேந்திரநாத் போஸை நினைப்பர். அச்சத்தியேந்திரருக்கு ஆசிரியராக விளங்கிய ஜகதீச சந்திர வசுவையோ, செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்ற அளவில் பள்ளிப் பாடநூல் வாயிலாக அறிந்துள்ளோம். அஃது அவர் வாழ்வின் பிற்பகுதிச் செய்தி.

முற்பகுதியில் அவர் செய்த அருஞ்செயல் ஒன்று உண்டு. கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலை தொட்டில் குழவியாக இருந்த நாளில், மிகக் குறுகிய மின்காந்த அலைகளை அவர் உண்டாக்கினார். அவற்றை நாற்புறமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்துச் செலுத்தவும் ஏற்கவும் வழி கண்டார். உலகம் அவ்வழியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறந்திருந்தது. இன்று அதே வழிக்குத் திரும்பி வந்திருக்கிறது. தொலைபேசியும் ராடாரும் விண்கலமும் செய்யும் தொழில்கள் வளர்ந்த நகரம் இப்பெங்களூர். அத்தொழில்களை நாடி வந்து அல்சூரிலும் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகள் இப்பெரியாரின் வரலாற்றை அறிந்திருத்தல் மிகவும் தகும்.

தாய்மொழிப் பள்ளி

ஜகதீச சந்திரர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் நகரில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வசு, அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜக் கொள்கையில் பற்றுடையவர். அந்நாளில் அத்தகைய பதவியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கொண்டனர். பகவான் சந்திரர் வேறு விதமாக எண்ணினார். பிள்ளை முதலில் தன் தாய்மொழியைக் கற்க வேண்டும். தன் நாட்டு மக்களோடு கலந்து பழக வேண்டும். அதன் பின்னரே ஆங்கிலம் என்பது அவர் முடிவு.

ஆகவே சிறுவன் வங்காளப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். வகுப்பில் அவனுக்கு ஒரு பக்கத்தில் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளருடைய மகன். மறு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகன். அத்தோழர்கள் பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றிச் சொன்ன கதைகளே அவன் கற்ற முதல் இயற்கைப் பாடம். அவர்களை அவன் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, தாயார் வேற்றுமை பாராட்டாது எல்லோருக்கும் உணவு படைத்தார். இவ்விதம் அமைந்த அடித்தளத்தை ஜகதீசர் முதுமை வரை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

பின்னர்க் கல்கத்தாவின் தூய சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் பயின்றார். அங்கே லாஃபோன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார், விஞ்ஞானத்தைச் சோதனைகளால் விளக்கிக் காட்டுவதில் வல்லவர். மாணவரின் நாட்டம் பௌதிகத்தின்பால் திரும்பியது. 1880இல் மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். முன்னரே பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் விடாது வாட்டவே, மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். பேரறிஞர் ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் என்னும் இரு பல்கலைக்கழகப் பட்டங்களையும் பெற்று, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார்.

ஊதியம் தொடாத மூன்றாண்டு

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அக்கல்லூரியில் ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. அவர் நியமனம் தற்காலிகமானது என்று காரணம் காட்டி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். ஒரே பணிக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி!

ஜகதீசர் சினந்து பேசவில்லை. பதவியைத் துறக்கவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று குறைவறப் பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. அவர் குடும்பமோ செழிப்பில் இல்லை. மக்களுக்குத் தொழில் தேடித் தரும் முயற்சிகளில் தந்தையார் பொருளிழந்து கடன்பட்டிருந்தார். அந்நெருக்கடியிலும் மகனின் உறுதி தளரவில்லை.

1887இல் அவர் அபலா தாஸ் என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையாருக்குத் தமிழகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. பெண்கள் மருத்துவம் கற்க வங்கத்தில் இடமில்லாத 1882இல், உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். உடல்நலம் குன்றியதால் படிப்பு முற்றுப் பெறவில்லை. பிற்காலத்தில் வங்கப் பெண்களின் கல்விக்கு அவர் பெருந்தொண்டாற்றினார். ஊதியமற்ற நாட்களில் கணவருக்கு உறுதுணையாக நின்றவரும் அவரே.

இறுதியில் அரசாங்கம் இணங்கியது. பதவி நிலையாக்கப்பட்டது, முழு ஊதியமும் தொடக்க நாளிலிருந்து கணக்கிட்டு ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவியது. தன்மானம் காத்தவர் மகன் கடமையையும் காத்தார்.

சிற்றறையில் ஓர் ஆய்வுக்கூடம்

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவும். ஒளியும் அத்தகைய அலையே என்று மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்னார். அவ்வலைகளைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ். அவர் 1894ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தம் 36ஆம் வயதில் மறைந்தார். அவர் பணியை விளக்கி ஆலிவர் லாட்ஜ் எழுதியதை வசு படித்தார். அதே ஆண்டு நவம்பரில் தமக்கு 36 வயது நிறைந்த நாளன்று, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று உறுதி பூண்டார்.

உறுதி இருந்தது, கருவி இல்லை. கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. குளியலறையை அடுத்த சிற்றறை ஒன்றே அவருக்கு வாய்த்தது. தகரவேலை அறிந்த தொழிலாளி ஒருவரைத் துணைக்கொண்டு, வேண்டிய கருவிகளை அங்கேயே செய்துகொண்டார். கல்லூரிப் பணி முடிந்து எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்கு உரிய நேரம்.

இவ்விடத்தில் அவர் எடுத்த ஒரு முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. ஹெர்ட்ஸ் தம் குவிப்புச் சோதனைகளுக்குக் கொண்ட அலையின் நீளம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலையைக் குவிக்க ஆளுயரத்தை விஞ்சிய உலோகக் குழியாடிகள் வேண்டியிருந்தன. அதை வளைத்துக் காட்ட 600 கிலோவுக்குக் குறையாத நிலக்கீல் பட்டகம் வேண்டியிருந்தது. வசு அலையையே சிறிதாக்கிவிட்டார். பிளாட்டினம் பூசிய சிறு குண்டுகளுக்கிடையே மின்பொறி பாயச் செய்து, இரண்டரைச் சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். நீளம் குறையக் குறைய அதிர்வு மிகும். 5 மில்லிமீட்டர் அலை ஒரு விநாடியில் 6,000 கோடி முறை அதிர்கிறது. அலை சிறுத்ததும் கருவிகளும் சிறுத்தன. எல்லாம் ஒரு சிறு மேசையில் அடங்கின.

புனல் செய்த புதுமை

ஆண்டெனா ஒன்றிலிருந்து புறப்படும் அலை, தானாக விட்டால் பல திசைகளிலும் பரந்து சிதறும். அல்சூர் ஏரியின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் உள்ளவரை வெறுமனே கூவி அழைத்தால், குரலின் பெரும்பகுதி காற்றோடு போகும். இரு கைகளையும் வாயருகே குவித்து அழைத்தால் அதே குரல் தெளிவாகச் சென்று சேரும். மூச்சு மிகுந்துவிடவில்லை, சிதறல் குறைந்தது. கேட்பவர் செவியருகே கையை மடக்கி வைத்துக்கொண்டால் மேலும் நன்று. நாகசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசு, குழலுக்குள் இருக்கும் ஒலியை வெளிக்காற்றில் செவ்வனே சேர்க்கிறது. அலைக்கும் இத்தகைய உறுப்பு வேண்டும்.

வசு தம் பொறியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, அலை ஒரு குழாய் வழியே மட்டும் வெளியேறும்படி செய்தார். இன்று அலைவழிக் குழாய் என்று பொறியியலார் வழங்குவது அதுவே. குழாயின் வாயில் கண்ணாடிவில்லை போன்ற ஒன்றைப் பொருத்தி அலையை இணைகற்றை ஆக்கினார். வாங்கும் கருவியின் முன்னே, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் போல, நான்கு பக்கமும் விரிந்த உலோக வாய் ஒன்றை அமைத்தார். அகன்ற வாயில் விழும் அலை முழுதும் திரண்டு உள்ளிருக்கும் உணர்கருவியை அடைந்தது. ஹார்ன் ஆண்டெனா, அதாவது கொம்பு ஆண்டெனா என்று உலகெங்கும் இன்று பயன்படும் உறுப்பு இப்புனலே.

சிற்றலையைத் தேர்ந்ததன் பயன் இங்கே விளங்கும். குவிக்கும் வாயின் அகலம் அலையின் நீளத்தைப் போல எத்தனை மடங்கோ, அத்தனைக்குக் கற்றை ஒடுங்கும். ஐந்து மடங்கு அகலம் வேண்டுமென்றால், 66 சென்டிமீட்டர் அலைக்கு மூன்று மீட்டருக்கு மேல் வாய் வேண்டும். 5 மில்லிமீட்டர் அலைக்கு இரண்டரைச் சென்டிமீட்டர் போதும். முன்னதற்கு ஒரு கூடம் வேண்டும். பின்னது உள்ளங்கையில் அடங்கும்.

உணர்கருவியிலும் புதுமை செய்தார். மேனாட்டார் கண்ணாடிக் குழாயில் உலோகத்தூளை அடைத்துப் பயன்படுத்தினர். வங்கத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது நம்பத்தகாததாக இருந்தது. அதனிடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக அமைத்தார். சுற்றுச்சூழலில் கிடைத்தவையே அவர் ஆய்வுப் பொருள்கள். தடித்த ரயில்வே அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, ஒரு போக்கில் அதிரும் அலையை மட்டும் கடக்கவிடும் கருவியாக்கினார். வங்காளத்துச் சணலை முறுக்கி, அது அலையின் அதிர்வுப் போக்கைத் திருப்புவதைக் காட்டினார்.

கல்கத்தா முதல் இலண்டன் வரை

1895 மே மாதத்தில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வங்காள ஆசியக் கழகத்தில் படிக்கப்பட்டது. அவ்வாண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு காட்சி நடைபெற்றது. அலை அனுப்பும் கருவி ஓர் அறையில். வாங்கும் கருவி 75 அடிக்கு அப்பால் மற்றோர் அறையில். இடையில் மூன்று சுவர்கள். தலைமை தாங்கிய லெஃப்டினன்ட் கவர்னர் மெக்கென்சியின் பருத்த உடலும் வழியில் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் அப்பால் மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. கம்பி ஏதும் இல்லை. தம் இல்லத்திற்கும் கல்லூரிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குச் செய்தி அனுப்பவும் அவர் ஏற்பாடு செய்துவந்தார். 1896இல் இங்கிலாந்துப் பயணம் குறுக்கிட்டதால் அது நின்றது.

அவ்வாண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 சனவரி 29ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, ஃபாரடே நின்று பேசிய ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் வசு தம் கருவிகளோடு தோன்றினார். கெல்வின் பிரபு முதலிய அறிஞர்கள் வியந்து பாராட்டினர். பாரிசும் பெர்லினும் அவரை அழைத்துப் பெருமை செய்தன. அடிமை நாட்டவருக்குச் சுதந்திரமான விஞ்ஞான ஆராய்ச்சி கைகூடாது என்று எண்ணியிருந்தோர் வாயடைத்து நின்றனர்.

காப்புரிமை வேண்டாமை

1901 மே மாதம் இலண்டனில் அவர் சொற்பொழிவாற்ற இருந்த வேளையில், கம்பியில்லாத் தந்திக் கழகம் ஒன்றின் பெருஞ்செல்வர் அவரை நாடி வந்தார். காப்புரிமை விண்ணப்பத்தையும் கையோடு கொணர்ந்தார். கண்டுபிடிப்பின் நுட்பங்களை வெளியிட்டுவிடாமல் காப்புரிமை பெற்றால் பெரும்பொருள் ஈட்டலாம். வருவாயில் பாதி வசுவுக்கு என்பது அவர் வேண்டுகோள். வசு மறுத்துவிட்டார். பொருளாசையின் வலையில் ஒருமுறை சிக்கினால் மீள முடியாது என்று அஞ்சித் தம் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

நண்பர்கள் விடவில்லை. நிவேதிதை அம்மையாரும் அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு அவர் செய்த உணர்கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904 மார்ச் 29இல் காப்புரிமையும் கிடைத்தது. இன்று குறைகடத்தி என்று போற்றப்படும் பொருள் வகையில் அமைந்த கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளுள் அஃது ஒன்று. அவரோ அதனைப் பயன்படுத்தாமலே கழியவிட்டார்.

இத்துறவினால் நன்மை மட்டுமே விளைந்தது என்று சொல்வதற்கில்லை. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த அடையாள ஒலியைக் கேட்டபோது, பயன்படுத்திய உணர்கருவிகளுள் ஒன்று பாதரசம் கொண்டது. 1899இல் வசு வெளியிட்ட கருவியே அதற்கு மூலம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். 1909இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் சென்றது. வசுவின் பெயர் அத்துறையில் மங்கியது. உலகிற்கு வழங்கியவன் பெயரை உலகமே மறக்கும் இவ்வநீதியை நாம் வாளா கண்டுகொண்டிருக்கலாகாது. ஆயினும் மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டுவதும் இல்லை. செய்தியைக் கடல்கடந்து கொண்டு சேர்த்தவர் அவர்; சிற்றலையைக் குவிக்கக் கற்பித்தவர் வசு. இருவர் நோக்கமும் வேறு.

மறதியும் மீட்சியும்

அந்நாளில் கப்பல்களுக்கும் கண்டங்களுக்கும் இடையே நெடுந்தொலைவு செல்லும் நீண்ட அலைகளே வேண்டப்பட்டன. கண்ணுக்கு நேர் எதிரே உள்ள இடத்திற்கு மட்டும் செல்லும் சிற்றலையை நாடுவார் இல்லை. 1936ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சவுத்வொர்த், பாரோ என்னும் இருவர் தனித்தனியே அலைவழிக் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். கொம்பு ஆண்டெனாவும் மறுபிறவி எடுத்தது. அடுத்து மூண்ட உலகப் போரில் ராடார் வளர்ந்தது. ஜாலஹள்ளியில் 1954இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிவோருக்கு ராடாரைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. 1964இல் பென்சியாஸ், வில்சன் என்னும் அறிஞர்கள் பெரியதொரு கொம்பு ஆண்டெனாவைக் கொண்டு, பிரபஞ்சத்தின் தோற்றக் காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் அலையைக் கேட்டனர்.

இந்நூற்றாண்டில் சிற்றலை வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. நம் இல்லங்களில் வைஃபை என்று வழங்கும் கருவி பழகிய அலைகளுள் ஒன்று 12.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அவ்வலைவரிசை நெரிசலுற்றது. அடுக்கு வீடுகள் நிறைந்த காலனியில் எல்லோரும் ஒரே கூடத்தில் உரக்கப் பேசுவது போன்ற நிலை. எனவே பொறியியலார் விநாடிக்கு 6,000 கோடி அதிர்வுடைய அலைக்குச் சென்றனர். செய்தி மிகுதியாகவும் விரைவாகவும் செல்ல அங்கே அகன்ற இடம் உண்டு. ஆனால் காற்றிலுள்ள பிராணவாயு அவ்வலையை உறிஞ்சுகிறது. ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் இக்காரணத்தாலேயே ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடித்த சுவரும் அதை மிகவும் நலிவிக்கிறது. ஆகவே அஃது அண்மைத் தொடர்புக்கே ஏற்றது. அங்கும் சிதறவிட்டால் பயன் இல்லை. குவித்து அனுப்பினால்தான் வலுவோடு சேரும். அண்டை வீட்டாரின் அலையோடு மோதவும் மோதாது. குறை என்று தோன்றியதே குணமாயிற்று.

வசுவின் புனல் ஒரே திசையை நோக்கியிருக்கும். இன்றைய கருவியில் தபால்தலை அளவுள்ள பலகையில் நுண்ணிய ஆண்டெனாக்கள் பல வரிசையாக அமைகின்றன. இரண்டரைச் சென்டிமீட்டர்ச் சதுரத்தில் நூறு அமைக்கலாம். தேர்வடம் பிடிப்போர் எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால் தேர் நேரே நகர்வதைப் போல, நூறும் ஒருங்கே இயங்கினால் கற்றை நேரே செல்லும். ஒரு பக்கத்து ஆண்டெனாக்கள் இம்மியளவு முந்தினாலோ பிந்தினாலோ கற்றை பக்கவாட்டில் திரும்பும். பலகை அசையாமலே அலை மட்டும் திசை மாறுகிறது. இவ்வலைவரிசைக்கான உலக ஒழுங்குமுறை ஒன்று 2012 டிசம்பரில் வெளியாயிற்று. அதே ஆண்டில் உலக மின்பொறியியலார் கழகமான ஐ.இ.இ.இ., மில்லிமீட்டர் அலைத் தொடர்பின் முதற் சோதனை நிகழ்ந்த இடம் என்று கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் நினைவுப் பலகை பதித்தது. மறதி தீர நூறாண்டுக்கு மேலாயிற்று.

நிறைவு

1900 முதல் வசுவின் ஆராய்ச்சி உயிர்ப் பொருள்களின்பால் திரும்பியது. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிர மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் வசு ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே காணப்படும் உண்மைகள் எல்லோர்க்கும் பொது. அவற்றுக்குக் காப்புரிமை பெறுவதில்லை என்று அன்றே அறிவித்தார். அத்திறப்பு விழாப் பேருரையை மகாகவி பாரதியார் ஜீவ வாக்கு என்னும் பெயரால் தமிழாக்கினார். 1920இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. வங்காளியில் அவர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகள் 1921இல் அவ்யக்த என்னும் நூலாக வெளிவந்தன. 1937 நவம்பர் 23ஆம் நாள், 79 வயது நிறைய ஏழு நாட்களே இருக்கையில், கிரிடியில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் வாழ்வில் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பெற்றோர்க்கு ஒன்று: தாய்மொழியில் வேரூன்றிய பிள்ளை உலக மேடையில் பின்தங்குவதில்லை. கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் சிறார்க்குத் தமிழும் கற்பிப்பது அவர்கள் முன்னேற்றத்திற்குத் தடையன்று. இளைஞர்க்கு ஒன்று: பெரிய ஆய்வுக்கூடம் கிடைக்கட்டும் என்று காத்திராமல், ஒரு சிற்றறையையும் தகரத்தையும் கொண்டு தொடங்குக. தகரவேலை செய்பவரின் கைத்திறனும் விஞ்ஞானத்தின் ஓர் அங்கமே. நம் அனைவர்க்கும் ஒன்று: ஆற்றல் சிறிதாயினும் சிதறாது ஒருமுகப்பட்டால் சேர வேண்டிய இடத்தைச் சேரும். அலைக்கு அதனை அவர் சோதனையால் காட்டினார். மனிதர்க்குத் தம் வாழ்வால் காட்டினார்.